கொடைப் பணம் மிச்சம் இருக்கிறது, பிராஸ்டேட் கேன்சருக்குத் தமிழில் ஏதாவது செய்யலாமா?

புளியரைக்காரன்:

வணக்கம். செங்கோட்டை பக்கம் புளியரை எனக்கு. எங்கள் தெருக் கோயில் கொடைத் திருவிழா முடிந்து கணக்குப் பார்த்ததில், வீட்டுக்கு வீடு பிரித்த தலைக்கட்டு வரியில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. துபாயிலும் திருப்பூரிலும் இருக்கிற பையன்களும் சேர்த்துப் போடுகிறோம் என்கிறார்கள். பிராஸ்டேட் (ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) கேன்சர் என்று திருவனந்தபுரம் ஆர்.சி.சி. கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறவர்கள் எங்கள் பக்கம் சிலர் உண்டு. என் அப்பாவும் அதில் ஒருவர். ரிப்போர்ட் எல்லாம் ஆங்கிலம். டாக்டர் மலையாளத்தில் பொறுமையாகத்தான் சொல்கிறார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்ததும், "என்னல சொன்னாரு?" என்று என்னைக் கேட்பார். போனில் தேடினால் வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதியது வருகிறது, இல்லையென்றால் லேகிய விளம்பரம்.

கமிட்டியில் இரண்டு பேச்சு ஓடுகிறது. ஐம்பது தாண்டிய ஆண்கள் எல்லாருக்கும் இலவச பி.எஸ்.ஏ. (பிராஸ்டேட்டுக்கான ரத்த டெஸ்ட்) முகாம் நடத்தலாம் என்பது ஒன்று. தமிழில் எழுதியும் பேசியும் நெட்டில் போட்டு, சந்தேகம் கேட்க ஒரு போன் நம்பரும் வைக்கலாம் என்பது நான் சொன்னது. பெரியவர்கள் முகாம் பக்கம்தான் சாய்கிறார்கள். பந்தல் போட்டால் போட்டோ எடுக்கலாம் அல்லவா. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், தமிழில் போடுவதென்றால் முதலில் எதைப் போடுவது?

ஓய்வு கண்டக்டர்:

தம்பி, நான் தென்காசி–திருவனந்தபுரம் பஸ்ஸில் வேலை பார்த்தவன். இப்போது அதே ரோட்டில் நோயாளியாகப் போய்வருகிறேன். எனக்கு ஆபரேஷன் ஆகி, அப்புறம் பி.எஸ்.ஏ. ஏறியதால் கரண்டும் (கதிர்வீச்சு) வைத்தார்கள். இப்போது ஆண் ஹார்மோனை இறக்கும் ஊசி ஓடுகிறது.

முகாம் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. பி.எஸ்.ஏ. கூடினாலே கேன்சர் என்று அர்த்தமில்லை. வயதுக்குச் சுரப்பி வீங்கினாலும் கூடும், நீர்க்கடுப்பு வந்தாலும் கூடும், ஒண்ணுக்குப் போக டியூப் போட்டு எடுத்திருந்தாலும் கூடும். வீக்கத்துக்கு பினாஸ்டரைடோ டூட்டாஸ்டரைடோ மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிடுகிறவருக்கு எண் பாதியாகக் குறைந்து காட்டும். பந்தலில் ரத்தம் எடுத்து, சாயங்காலம் ஒரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்தால் அந்த மனுசன் ராத்திரி எப்படித் தூங்குவான்? அவனுக்கு விளக்கம் சொல்ல மறுநாள் பந்தல்காரனா இருப்பான்? முதலில் ஆளிடம் பேசி, டெஸ்ட் எடுப்பதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்ய விட வேண்டும். அதற்குத்தான் நீங்கள் சொல்லும் தமிழ் விளக்கம் வேண்டும்.

முதலில் போட வேண்டியது பயாப்சி (சதையைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கிற டெஸ்ட்) ரிப்போர்ட் படிக்கிற முறை. கேன்சர் எவ்வளவு வேகமானது என்று காட்ட க்ளீசன் என்று ஒரு கணக்கு வரும். 3+4 என்றாலும் ஏழு, 4+3 என்றாலும் ஏழு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல, 4 முன்னால் வந்தால் வேகம் கூடுதல். இதை எனக்கு ஓ.பி. வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெய்யாற்றின்கரைக்காரர்தான் சொன்னார்.

அடுத்தது, எல்லாக் கேன்சரையும் உடனே வெட்ட வேண்டியதில்லை என்பது. சுரப்பிக்கு வெளியே பரவாத கேன்சரை வைத்து இங்கிலாந்தில் 1,600-க்கும் மேற்பட்டவர்களைப் 15 வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். 2023-இல் முடிவு வந்தது. ஆபரேஷன், கரண்ட், கண்காணிப்பு என்று எந்தப் பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். கண்காணிப்பு என்றால் சும்மா விடுவதில்லை, டாக்டர் சொன்ன தேதியில் டெஸ்டுக்குப் போக வேண்டும். எலும்புக்குப் பரவியவர் கதை வேறு, அதைத் தனியாகப் போடுங்கள்.

அப்புறம் யாரும் வாய்விட்டுக் கேட்காத விஷயங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு இருமினால், தும்மினால் ஒண்ணுக்குச் சொட்டும். பெரும்பாலானவர்களுக்கு மாதங்கள் போகப் போகக் குறையும். டியூப் எடுத்த பிறகு இடுப்புக்கு அடியில் இருக்கும் தசையை, ஒண்ணுக்கை நடுவில் அடக்குவது போல இறுக்கி இறுக்கி விடும் பயிற்சி உண்டு, அதை வீடியோவாகவே போடுங்கள். பேட் எங்கே வாங்குவது, பஸ் நிற்கும் குளத்துப்புழை டிப்போவிலும் நெடுமங்காடு டிப்போவிலும் இறங்கி ஒண்ணுக்குப் போய்வர நேரம் கிடைக்குமா, இதெல்லாம் டாக்டர் சொல்ல மாட்டார், நான் சொல்வேன். கரண்ட் வைக்கும்போது தண்ணீர் குடித்து மூத்திரப்பையை நிறைத்துக்கொண்டு வரச் சொல்வார்கள். சொட்டுகிற ஆளுக்கு அது என்ன பாடு என்று பட்டவனுக்குத்தான் தெரியும். படுக்கையறை விஷயமும் அப்படித்தான். நரம்பு பாதித்திருந்தால் விறைப்பு வராது. மாத்திரை உண்டு, நெஞ்சுவலிக்கு நைட்ரேட் சாப்பிடுகிறவர் மட்டும் அதைத் தொடவே கூடாது. வீட்டம்மாவையும் கூட உட்கார வைத்துப் பேசினால் பாதிப் பாரம் இறங்கும்.

நர்ஸக்கா:

அண்ணாச்சி சொன்னதோடு சிலது. ஊசிக்குப் பதிலாக விரையை எடுக்கும் சின்ன ஆபரேஷனும் உண்டு. இரண்டுமே ஆண் ஹார்மோனை இறக்கத்தான். ஆபரேஷன் ஒரே தடவையோடு முடியும், செலவு குறைவு. ஊசியை நிறுத்தினால் ஹார்மோன் திரும்ப வரலாம், ஆனால் மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒரு தடவையோ போட வேண்டும். பணத்தை மட்டும் பார்த்து வீட்டுப் பிள்ளைகள் முடிவெடுக்கக் கூடாது, அவரைக் கேட்டு எடுக்க வேண்டும். உடம்பு குப்பென்று சூடேறி வேர்க்கும், எலும்பு பலம் குறையும், மனசும் சுருங்கும். தினம் நடக்கச் சொல்லுங்கள்.

இதை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள்: எலும்புக்குப் பரவியவருக்குப் புதிதாக முதுகுவலி வந்து, கால் தளர்ந்தாலோ, மரத்தாலோ, ஒண்ணுக்கு அடைத்துக்கொண்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம். வைத்தியரிடம் தைலம் தேய்த்துவிட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் கால் போய்விடும்.

மெல்போர்னில் இருக்கும் கடையநல்லூர்க்காரன்:

தம்பிக்கு உற்சாகமாக ஒரு செய்தி. 2003-இல் இதே ஊரில் 30 பேர் விளையாட்டாக நவம்பரில் மீசை வளர்த்தார்கள். அடுத்த வருஷம் அதை வைத்தே ஆஸ்திரேலிய பிராஸ்டேட் கேன்சர் அறக்கட்டளைக்கு 54,000 டாலர் திரட்டினார்கள். அதுதான் பிறகு மொவெம்பர் என்ற நிதி திரட்டும் இயக்கமாக உலகம் பூராவும் போனது. நம் ஊரில் மீசைக்கு யாரும் காசு தர மாட்டார்கள், ஏற்கெனவே எல்லார் முகத்திலும் இருக்கிறது. ஆனால் கொடை வரி இருக்கிறதே. மருந்துக் கம்பெனி, லேகியக் கடை, தனியார் ஆஸ்பத்திரி, யாரிடமும் வாங்காதீர்கள். வாங்கினால் அவன் சரக்கைத்தான் எழுத வேண்டிவரும். வரவு செலவைக் கொடைக் கணக்கு மாதிரியே எல்லார் முன்னாலும் வாசியுங்கள்.

புளியரைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கமிட்டியில் ஒருவர், அனுபவஸ்தர் தப்பாகச் சொல்லிவிட்டால் நாம்தான் மாட்டுவோம் என்கிறார்.

நர்ஸக்கா:

அது சரியான பயம். எழுதியதை எல்லாம் கேன்சர் டாக்டர் ஒருவர் பார்த்த பிறகே ஏற்றுங்கள், பார்த்த தேதியையும் போடுங்கள். போனில் பேசுகிறவர் மருந்து மாற்றச் சொல்லக் கூடாது. ரயிலில் நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, அதற்கு ஆஸ்பத்திரி சான்று வாங்குவது எப்படி, இந்த மாதிரி விஷயங்களை அவர் தாராளமாகச் சொல்லலாம்.

ஓய்வு கண்டக்டர்:

கரண்ட் பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு வாரமாவது ஓடும். தினம் புளியரையிலிருந்து போய்வர முடியாது. பணம் மிஞ்சினால் மெடிக்கல் காலேஜ் பக்கம் அறை எடுக்க முடியாதவனுக்கு வாடகையாகக் கொடுங்கள். போன் எடுக்க ஆள் வேண்டுமென்றால் நான் எடுக்கிறேன், காலை பத்து மணிக்கு மேல். அதற்கு முன்னால் நடைப்பயிற்சி.