அமெரிக்க விசா மெடிக்கல்: அம்மை போட்டதுக்கு யார்கிட்ட போய் சர்டிபிகேட் வாங்குறது?

மதுரைப் பொண்ணு:

கல்யாணமாகி ஒண்ணரை வருஷம் கழிச்சு இன்டர்வியூ தேதி வந்துச்சு. அவர் அமெரிக்க சிட்டிசன். இன்டர்வியூ மும்பைல, ஆனா மெடிக்கலைச் சென்னையிலயே முடிச்சுக்கலாம். தூதரகப் பட்டியல்ல இருக்கிற டாக்டர்கிட்டதான் போகணும். நம்ம குடும்ப டாக்டர் எத்தனை பக்கம் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது.

ரத்தம் எடுக்கிறதை நெனச்சுதான் ராத்திரி பூரா தூங்கல. அது ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது. நெஞ்சு எக்ஸ்ரேவும் அப்படித்தான். நான் மாட்டிக்கிட்டது தடுப்பூசி அட்டையில.

"சின்ன வயசுல போட்ட ஊசிக்கு ரெக்கார்டு இருக்கா?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன். "எல்லாம் போட்டிருக்குடி, கையில தழும்பு இருக்குல்ல, அதைக் காட்டு"ன்னாங்க. அந்தத் தழும்பு காசநோய்க்குப் போடுற பிசிஜி ஊசியோடது. அவங்க கேக்குற பட்டியல்ல பிசிஜியே கிடையாது! அட்டை எங்கேன்னு கேட்டா, வீடு மாத்தினப்போ பழைய பேப்பரோட போயிருக்கும்னு பதில்.

அட்டை இருந்திருந்தாலும் பாதிதான் தேறியிருக்கும். எங்க காலத்துல அரசு ஊசியில எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூணுக்கும் சேர்த்துப் போடுற ஊசி) இல்ல. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா தட்டம்மை-ருபெல்லா ஊசி போட்டது 2017ல. அப்ப நான் காலேஜ்ல இருந்தேன்.

அடுத்தது சின்னம்மை. ஆறாவது படிக்கும்போது வந்துச்சுன்னேன். "எந்த டாக்டர்கிட்ட காட்டினீங்க?"

காட்டவே இல்லையே! நம்ம வீட்ல அம்மை போட்டா ஆஸ்பத்திரிக்கா தூக்கிட்டு ஓடுவாங்க? வாசல்ல வேப்பிலை சொருகி, தாளிக்காம சமைச்சு, மூணாவது தண்ணி ஊத்துற வரைக்கும் அம்மா வீட்டுக்குள்ள யாரையும் விடல. மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தினதுக்கு ரசீதா தருவாங்க? இதை அப்படியே சொன்னதும் டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. அவங்க வீட்லயும் அதே கதைதானாம். எந்த வயசு, எத்தனை நாள் இருந்துச்சு, கொப்புளம் எப்படி இருந்துச்சு, வீட்ல வேற யாருக்கு வந்துச்சுன்னு கேட்டாங்க. நெத்தியோரம் இருக்கிற ரெண்டு குழியைப் பார்த்தாங்க. வந்து போயிருக்குன்னு எழுதிட்டாங்க. சின்னம்மைக்கு வாய்வார்த்தையை டாக்டர் ஏத்துக்கலாம்னு அவங்க விதியிலயே இருக்காம். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கிக்கெல்லாம் அது நடக்காது. ரத்தத்துல எதிர்ப்பு சக்தி இருக்குன்னு காட்டணும், இல்லன்னா ஊசிதான்.

அன்னிக்கே எனக்கு மூணு ஊசி: எம்எம்ஆர், டிடாப் (டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவானுக்கு), ஹெபடைடிஸ் பி. எல்லா டோஸும் இங்கயே முடிக்கணும்னு இல்ல. அன்னிக்கு எது போட முடியுமோ அதைப் போட்டா போதும், மீதியை அங்க போய்ப் போட்டுக்கலாம்.

ரெண்டு விஷயத்துல ஏமாந்துடாதீங்க. எம்எம்ஆர், சின்னம்மை ரெண்டும் உயிருள்ள கிருமியை வச்சு செஞ்ச ஊசி. போட்டா ஒரே நாள்ல ரெண்டையும் போடணும், இல்லன்னா நாலு வாரம் இடைவெளி விடணும். என் சித்தி பொண்ணு முன்ஜாக்கிரதையா ஊர்லயே ஒண்ணைப் போட்டுட்டு மெடிக்கலுக்குப் போய், இன்னொண்ணுக்காகக் காத்துக் கெடந்தா. இன்னொண்ணு, மெடிக்கல் ஆறு மாசம்தான் செல்லும், விசாவோட கெடுவும் அதை ஒட்டித்தான் வரும். சீக்கிரம் முடிச்சுட்டோம்னு சந்தோஷப்பட்டா, கிளம்புறதுக்கான நாள்தான் குறையும்.

திருச்சி மாப்பிள்ளை:

என் அனுபவத்தையும் எழுதுகிறேன். நான் டெக்சாஸில் இருக்கிறேன், மனைவி அப்போது திருச்சியில். அவளுக்குப் பிளஸ் டூ படிக்கும்போது காசநோய் வந்து, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுச் சரியாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் சொல்லிவிட்டாள், என் அம்மாவுக்குத்தான் தெரியாது. மெடிக்கலுக்கு முந்தின நாள் மாமனார் போன் செய்தார். "அதை அங்க சொல்ல வேணாம் மாப்ளே, பழைய கதைதானே" என்றார். நானும் சரியென்றுதான் சொன்னேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

எக்ஸ்ரே சொல்லிவிட்டது. நுரையீரலில் பழைய வடு. டாக்டர் கேட்டதும் அவள் எதையும் மறைக்கவில்லை. அப்புறம் மூன்று நாள் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு போய்ச் சளி கொடுக்க வேண்டியிருந்தது. மாமனார் சென்னையில் ரூம் எடுத்துத் தங்கி அழைத்துப் போனார். மைக்ராஸ்கோப்பில் பார்த்த ரிசல்ட் சீக்கிரமே வந்தது. ஆனால் அது போதாது, சளியில் கிருமி வளர்கிறதா என்று எட்டு வாரம் வைத்துப் பார்க்கிறார்கள். எங்கள் இரண்டாவது தீபாவளியும் வீடியோ காலிலேயே போனது. "இன்னும் ஏன் வரல?" என்று அம்மா தினமும் கேட்டார். ஒருநாள் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "உங்க பெரியப்பாவுக்கும் இருந்துச்சுடா" என்றார். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

எட்டு வாரமும் எதுவும் வளரவில்லை, விசா வந்தது. இந்த வகை மெடிக்கலுக்கு ஆறு மாதம் கிடையாது, மூன்று மாதம்தான் கெடு, டிக்கெட்டை உடனே போட வேண்டும். இங்கே வந்து இறங்கிய பிறகு உள்ளூர் சுகாதாரத் துறையிலிருந்து கூப்பிட்டு இன்னொரு தடவை எக்ஸ்ரே எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை. பழைய சிகிச்சை அட்டை இருந்தால் கட்டாயம் கொண்டு போங்கள். மாமியார் அதைப் பத்திரமாக வைத்திருந்ததுதான் எங்களுக்குக் கை கொடுத்தது.

வடமராட்சி:

அக்கா, உங்கட வேப்பிலைக் கதை வாசிச்சுச் சிரிச்சன். எங்கட பக்கம் அதை அம்மாள் வருத்தம் எண்டு சொல்லுவினம்.

எனக்கு ஸ்பொன்சர் கனடா. கொழும்புக்குப் போய்த்தான் மெடிக்கல் செய்தது. கனடாவுக்கு ஊசி ஒண்டும் கட்டாயமில்லை. அது தெரியாமல் சின்ன வயசுக் கிளினிக் கார்ட்டை லமினேற் பண்ணிக் கொண்டு போனன், திருப்பி அப்பிடியே கொண்டு வந்தன். எக்ஸ்ரே, சலம் (சிறுநீர்), ரத்தம் பாத்தவை. ரத்தத்தில எச்ஐவியும் பாப்பினம். அமெரிக்கா அதை 2010 ஜனவரியோட நிப்பாட்டிட்டுது, கனடாவில இப்பவும் இருக்கு. எனக்குச் சீனி வருத்தம். அதால கனடாவுக்கு வைத்தியச் செலவு கூட எண்டு விசாவை மறுத்துப்போடுவினமோ எண்டு அழுதன். மனுசன், மனுசியைக் கூப்பிடேக்க அந்தச் செலவுக் கணக்குப் பாக்கிறேல்லையாம். அதை முதலே ஆரும் சொல்லியிருந்தால் நிம்மதியா நித்திரை கொண்டிருப்பன்.

புது உறுப்பினர்:

அக்கா, எனக்கு இப்ப நாலு மாசம். அடுத்த மாசம் சென்னையில மெடிக்கல். ஊசி போடலாமா?

மதுரைப் பொண்ணு:

வாழ்த்துகள்மா. போனதும் முதல் வேலையா கர்ப்பம்னு சொல்லிடுங்க. எம்எம்ஆரும் சின்னம்மை ஊசியும் இப்ப போட மாட்டாங்க, அப்படின்னு பாரத்துல குறிச்சுடுவாங்க, விசாவுக்கு அது தடை இல்ல. எக்ஸ்ரே எடுத்தா வயித்துக்கு ஈயக் கவசம் போடுவாங்க. வேணாம்னு தோணுச்சுன்னா பிரசவம் வரைக்கும் தள்ளிப் போடலாம், ஆனா விசாவும் கூடவே தள்ளிப் போகும். உங்க பிரசவ டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

வெளிய வரும்போது தடுப்பூசிப் பாரத்தோட நகலைக் கேட்டு வாங்கிக்கோங்க, டிஎஸ்-3025ன்னு பேரு. நான் இங்க காலேஜ்ல சேர்றப்போ முதல்ல கேட்டது அதைத்தான்.

அப்புறம், என் அட்டை கிடைச்சிடுச்சு. ஜாதக நோட்டுக்குள்ள மடிச்சு வச்சிருக்காங்க எங்கம்மா. பிரிச்சுப் பார்த்தா அதுல எம்எம்ஆர் இல்ல.