நீட் மாதிரித் தேர்வில் 312: இயற்பியலை எப்படிச் சரிசெய்வது?

கோத்தகிரி மாணவி:
கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். சென்ற ஞாயிறு ஊட்டியில் எழுதிய மாதிரித் தேர்வில் 720க்கு 312தான் வந்தது. உயிரியல் 228, வேதியியல் 66, இயற்பியல் 18. இயற்பியலில் 11 சரி, 26 தவறு, எட்டைத் தொடவே இல்லை. மூன்று பாடங்களிலும் 64 தவறுகள். அதற்கே 64 மதிப்பெண் கழிந்துவிட்டது.

கட்டபெட்டு தாண்டும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அம்மா கொழுந்து பறிக்கும் வேலைக்குப் போகிறார். மதிப்பெண்ணைச் சொன்னதும், "சாப்பிட்டாயா?" என்று மட்டும்தான் கேட்டார். தினமும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு படிக்கிறேன். இன்னும் ஒன்பது வாரங்கள் இருக்கின்றன. இயற்பியலை விட்டுவிட்டு உயிரியலை மட்டும் பிடித்துக்கொள்ளலாமா?

ஓய்வு பெற்ற ஆசிரியர், குன்னூர்:
விடாதே அம்மா. இயற்பியலுக்கு 180 மதிப்பெண். 18 வாங்கிய இடத்தில்தான் ஏற இடம் இருக்கிறது. புதிய பாடம் எதையும் தொடுவதற்கு முன், தவறான அந்த 26 வினாக்களையும் விடையைப் பார்க்காமல் மறுபடி போடு. பாடமே தெரியாதவை, தெரிந்தும் கணக்கில் சறுக்கியவை, வினாவைத் தவறாகப் படித்தவை என்று பிரித்து எழுது. சென்டிமீட்டரை மீட்டராக மாற்ற மறப்பதும், மைக்ரோவுக்குப் பத்தின் அடுக்கு மைனஸ் ஆறு போட மறப்பதும் என் மாணவர்களிடம் ஆண்டுதோறும் பார்த்த பிழைகள். பாடம் தெரியாதவற்றுக்கு மின்னோட்டவியல், குறைகடத்திகள், அணுக்கரு இயற்பியல் மூன்றையும் முதலில் எடு. தெரியாத வினாவைக் குறிக்காமல் விட்டுவிடு.

மருத்துவ மாணவர், கூடலூர்:
ஐயா சொன்ன கடைசி வரியில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு. நான்கில் இரண்டு விடைகளை உறுதியாக நீக்க முடிந்தால், மீதி இரண்டில் ஒன்றைக் குறிப்பது சராசரியாக ஒன்றரை மதிப்பெண் லாபம். ஒன்றைக்கூட நீக்க முடியாததை விட்டுவிடலாம்.

தங்கை, நானும் தமிழ் வழிதான். தமிழ் வினாத்தாளில் ஆங்கில வினாவும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலமே இறுதி. அதனால் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் எழுதிப் பழகுங்கள். "தவறான கூற்று எது?" என்று வந்தால் "தவறான" என்பதைச் சுற்றி வட்டமிடுங்கள். அதைக் கவனிக்காமல் முதல் முயற்சியில் நான் இழந்த மதிப்பெண்கள் இன்னும் வலிக்கின்றன.

இன்னொன்று: தேர்வு பிற்பகல் 2 முதல் 5 வரை. நான்கு மணிக்கு எழுபவருக்கு அந்த நேரத்தில் கண் சொக்கும். ஞாயிறுதோறும் அதே மூன்று மணி நேரம், 180 வினாக்கள், ஓ.எம்.ஆர். தாளில் பேனாவால் வட்டத்தை நிரப்பி எழுதுங்கள். வட்டம் நிரப்பவே எனக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் பிடித்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டையும் மறந்துவிடாதீர்கள்.

கோத்தகிரி மாணவி:
நேற்று இரவு 26ஐயும் பிரித்தேன், ஐயா. பாடம் தெரியாதவை 12தான். ஒன்பதில் கணக்குப் பிழை, ஐந்தில் வினாவையே சரியாகப் படிக்கவில்லை. ஒரு வினாவில் கடைசி வரிவரை சரியாக வந்து, சென்டிமீட்டரிலேயே விடையைக் குறித்திருக்கிறேன். அண்ணா, ஞாயிறு இரண்டு மணிக்குக் கடிகாரம் வைத்து எழுதப்போகிறேன். கிர்ச்சாஃப் விதியில் மின்னோட்டத்துக்கு எதிராகச் சுற்றி வரும்போது குறி எப்படி மாறுகிறது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. ஐயா, கணக்கைப் படத்தோடு இன்று மாலை இங்கே இடட்டுமா?