ராத்திரியானால் வெப்கேம் படம் இழுக்கிறது, குறுக்கே பட்டை வேறு (லினக்ஸ் மின்ட்)

சாயங்கால_வகுப்பு:
வணக்கம். மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட், தனியாக ஒரு யூஎஸ்பி வெப்கேம். பகலில் வீடியோ அழைப்பு பளிச்சென்று வருகிறது. இரவு 7 மணிக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்க உட்கார்ந்தால், கையை அசைக்கும்போது பின்னாலேயே ஒரு நிழல் இழுபடுகிறது. முகத்தின் மேல் மங்கலான பட்டைகள் மெதுவாக ஏறுகின்றன. "சார், உங்க பின்னாடி பேய்!" என்கிறான் ஒரு பையன். டிரைவர் மாற்ற வேண்டுமா?

ஆறின_காப்பி:
நெட்டாகத்தான் இருக்கும். ராத்திரி எல்லாரும் படம் பார்க்கிற நேரம். ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

திருகாணி:
அதற்கு முன்னால், அழைப்பு இல்லாமல், கேமரா படத்தை மட்டும் காட்டும் சீஸ் செயலியில் கேமராவைத் திறந்து பாருங்கள். அதிலும் இழுத்தால் நெட் மேல் பழி போட முடியாது.

சாயங்கால_வகுப்பு:
சீஸிலும் அதே கதைதான். முதலில் திறக்கவே இல்லை. உலாவியில் அழைப்புத் தாவலை மூடிய பிறகுதான் படம் வந்தது. அதுவும் கோளாறா?

திருகாணி:
இல்லை. ஒரு செயலி கேமராவைப் பிடித்திருந்தால் பொதுவாக இன்னொன்றுக்குப் படம் கிடைக்காது. டிரைவரையும் தொடாதீர்கள். யூஎஸ்பி வெப்கேம்களில் பெரும்பாலானவை கர்னலோடு (லினக்ஸின் மையப் பகுதி) வரும் யூவிசி என்ற பொது டிரைவரிலேயே ஓடும். பகலில் நன்றாக வருகிறதென்றால் அது ஒழுங்காகத்தான் இருக்கிறது.

இது இரண்டு சங்கதி. படம் இழுப்பது வெளிச்சம் போதாததால். நொடிக்கு 30 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 33 மில்லி நொடி. இருட்டில் அது பத்தாமல் கேமரா 66 மில்லி நொடி எடுத்துக்கொண்டால் 30 படம் 15 ஆகிவிடும், அசைகிற கையும் கலங்கிப்போகும்.

பட்டை, டியூப் லைட்டின் வேலை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய இரும்புச் சோக் போட்ட டியூப் நொடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அதன் அமைப்பு 60 ஹெர்ட்ஸில் இருந்தால் தாளம் தப்பிப் பட்டை விழும்.

மென்பொருள் மேலாளரில் ஜியூவிசிவியூ (guvcview) என்ற கேமரா அமைப்புகளை மாற்றும் செயலி கிடைக்கும், நிறுவுங்கள். 'பவர் லைன் ஃப்ரீக்வென்சி'யை 50க்கு மாற்றுங்கள். இருட்டில் கேமரா படங்களைக் குறைத்துக்கொள்ள விடும் 'எக்ஸ்போஷர், டைனமிக் ஃப்ரேம்ரேட்' டிக்கை எடுத்துவிடுங்கள். பழைய கர்னலில் அதே சங்கதி 'எக்ஸ்போஷர், ஆட்டோ பிரையாரிட்டி' என்று இருக்கும். படம் கொஞ்சம் இருட்டும், அதற்கு ஒரு மேசை விளக்கை முகத்துக்கு நேராக வையுங்கள். முதுகுக்குப் பின்னால் வைத்தால் நிஜமாகவே பேய் மாதிரிதான் தெரிவீர்கள்.

சாயங்கால_வகுப்பு:
60ல்தான் இருந்தது! மாற்றியதும் பட்டை போயே போச்சு. டிக்கை எடுத்ததும் கை கையாகவே தெரிகிறது. ஆனால் கேமராவைக் கழற்றி மாட்டினால் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறதே?

திருகாணி:
ஆமாம், மின்சாரம் போனால் பல கேமராக்கள் அமைப்பை மறந்துவிடும். மாட்டும்போதெல்லாம் தானாக மாற ஒரு யூடெவ் விதி (கருவி மாட்டியதும் லினக்ஸ் செய்ய வேண்டியதைச் சொல்லும் சின்னக் கோப்பு) எழுதலாம். வேண்டுமானால் சொல்லித் தருகிறேன்.

சாயங்கால_வகுப்பு:
பரீட்சை முடியட்டும். அதுவரை ஒயரை யாரும் தொடாதபடி டேப் போட்டு ஒட்டிவிட்டேன். ஆறின காப்பி சொன்னாரே என்று ரவுட்டரையும் ஒரு தடவை அணைத்துப் போட்டேன். வீட்டில் சீரியல் நின்றுபோய்த் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.