பெற்றோர் ஒர்க்‌ஷாப் போனவங்க இருக்கீங்களா, பிரயோஜனம் உண்டா? (சேலம்)

அம்மாபேட்டை அம்மா:
வணக்கம்ங்க. பையன் ஒன்பதாவது. இந்த வருஷம் ஆளே மாறிட்டான், வந்தா நேரா ரூம், கதவு, போன், கேட்டா ‘ஒண்ணுமில்ல’, அதுக்கு மேல கேட்டா தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போயிடறான், ராத்திரி ஒரு மணிக்கும் லைட் எரியுது, காலைல எழுப்பறதுக்குள்ள உசுரு போகுது. ஸ்கூல்ல சனிக்கிழமை பெத்தவங்களுக்கு ஒர்க்‌ஷாப்னு சர்க்குலர் வந்திருக்கு. வீட்டுக்காரர் தறிய விட்டுட்டு அங்க போய் என்னத்தக் கேக்கறதுங்கறார். நாலு பேர் முன்னாடி வீட்டுக் கதையச் சொல்லச் சொல்லுவாங்களோன்னு எனக்கும் ஒரு மாதிரி இருக்கு.

அஸ்தம்பட்டி அக்கா:
போயிட்டு வாங்க. மொதல்ல ஸ்க்ரீன்ல பிபிடி போட்டு அறுப்பாங்க, பொறுத்துக்கங்க. நான் போனதுல ரெண்டு சேர் போட்டு ஒருத்தர் அப்பா ஒருத்தர் பிள்ளை, ஸ்கூல் விட்டு வர்ற மாதிரி பேசிக் காட்டச் சொன்னாங்க. அப்பாவா உக்காந்தவர் எடுத்த எடுப்புல ‘பேப்பர் குடுத்தாங்களா, எவ்வளவு’ன்னார், பிள்ளையா இருந்தவங்க பதிலே சொல்லாம ஹேண்ட்பேக்க மடில இழுத்து வச்சுக்கிட்டாங்க, ஹாலே கம்முனு ஆயிடுச்சு. மார்க் பேச்சே எடுக்காம திரும்பப் பேசுங்கன்னதும் அவருக்கு வாயே வரல பாவம். வீட்டுக் கதை யாரையும் கேக்கலைங்க.
தூக்கத்துக்கும் சொன்னாங்க, இந்த வயசுல தூக்கம் வர வைக்கிற மெலடோனின்ங்கற ஹார்மோன் சுரக்கறதே லேட்டாகுமாம், சீக்கிரம் படுன்னா கண்ணு சொக்காது, ஆனா 13 டு 18 வயசுக்கு 8ல இருந்து 10 மணி நேரம் தூக்கம் வேணும். போனைப் பிடுங்காம, ராத்திரி எல்லார் போனும் ஹால்ல சார்ஜ்ல கெடக்கட்டும்னாங்க. எங்க வீட்ல அடம் பிடிச்சது அவங்கப்பாதான் 😄

கொலுசுப்பட்டறை செவ்வாப்பேட்டை:
ஃப்ரீன்னு கூப்பிட்டு கடைசில கண்ணக் கட்டிட்டுப் படிக்க வைக்கிற கோர்ஸுக்கு ஃபார்ம் நீட்டற கூட்டமும் இருக்கு, உசாரு. பேசறவர் மனநல டாக்டரா, சைக்காலஜி படிச்சவரா, முன்னாடியே கேட்டுருங்க. இன்னொண்ணு, பையன் ஃப்ரெண்ட்ஸ் கூடவும் பேசாம, சாப்பிடாம, செத்துடலாம்ங்கற மாதிரி ஏதாச்சும் பேசினா சனிக்கிழமை வரைக்கும் பாக்காதீங்க. 14416, டெலி மானஸ்னு கவர்மெண்ட் மனநல ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. நம்ம ஜிஎச்லயும் மனநலப் பிரிவு இருக்கு. பிள்ளைங்களே கூப்பிடணும்னா 1098, சைல்ட் ஹெல்ப்லைன்.

ஏற்காட்டுக்காரன்:
மலைல காபி பறிப்பு சமயத்துல கூலிய விட்டுட்டு யாரும் வரமாட்டாங்க, சாயங்காலம் வச்சா பஸ் பிரச்சனை. பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்தோட சேத்து ஒரு மணி நேரம் வைங்கன்னு எச்எம் கிட்ட கேக்கலாம்னு இருக்கோம். அக்கா, வீட்டுக்காரர எப்படியாச்சும் கூட்டிட்டுப் போங்க, நீங்க மட்டும் கேட்டுட்டு வந்து சொன்னா ‘ஆரம்பிச்சுட்டியா’ம்பார்.

அம்மாபேட்டை அம்மா:
சனிக்கிழமை தறில பாவு நூல் பிணைக்க ஆள் வரச் சொல்லியிருந்தாராம், பேசி வெள்ளிக்கிழமைக்கு மாத்தியாச்சு. வர்றேன்னுட்டார், ஆனா பின்வரிசைலதான் உக்காருவாராம், நடிக்கல்லாம் கூப்பிட்டா எந்திரிச்சு வந்துருவாராம்.