120 வோல்ட் எஸ்பிரெசோ இயந்திரம்: 230 வோல்ட்டுக்குப் பம்பை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி

வணக்கம். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கெனச் செய்யப்பட்ட ஒற்றைப் பாய்லர் எஸ்பிரெசோ இயந்திரம் ஒன்றை, 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வரும் இடத்தில், டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். தண்ணீர் நன்றாகவே சூடாகிறது. பம்புதான் தொல்லை தருகிறது. முதல் கோப்பைக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்தடுத்து மூன்று கோப்பை போட்டால், மூன்றாவதன் நடுவில் பம்பு நின்றுவிடுகிறது. கால்மணி நேரம் ஆறவிட்டால் தானாகவே மறுபடி ஓடுகிறது. மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, சுருளின் பிளாஸ்டிக் உறை ஒரு பக்கம் பழுப்பேறியிருந்தது. அதன் மேல் ஒட்டியுள்ள வில்லையில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 41 வாட் என்றும், 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் ஓய்வு என்றும் குறித்திருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருவதை மல்டிமீட்டரில் அளந்தேன். 119 வோல்ட் காட்டுகிறது. மின்னழுத்தம் சரியாக இருந்தும் பம்பு ஏன் இப்படிச் சூடாகிறது? 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் பம்பு ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு, டிரான்ஸ்ஃபார்மரை ஒதுக்கிவிடலாமா?

முதல் மறுமொழி

டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. உங்கள் சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

இந்த அதிர்வுப் பம்பில் சுழலும் மோட்டார் கிடையாது. ஒரு சுருள், அதனுள் ஒரு பிஸ்டன், அதைத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங், மின்னலையின் ஒரு பாதியை மட்டும் விடும் டயோடு ஆகியவையே அதன் உள்ளுறுப்புகள். ஒவ்வோர் அலையிலும் சுருள் பிஸ்டனை ஒருமுறை இழுக்கிறது, ஸ்பிரிங் ஒருமுறை தள்ளுகிறது. ஆகவே 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 3600 தடவை அடிக்கும் பிஸ்டன், 50 ஹெர்ட்ஸில் 3000 தடவைதான் அடிக்கும். அந்தக் குறைவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சுருளுக்கு நேரும் கேடுதான் பெரிது. அதிர்வெண் குறையும்போது சுருளின் மின்மறுப்பும் (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) குறைவதால், அதே 120 வோல்ட்டில் கூடுதல் மின்னோட்டம் பாய்கிறது, இரும்பு உள்ளகமும் காந்தத் தெவிட்டுநிலையை, அதாவது மேலும் காந்தமேற முடியாத நிலையை, நெருங்குகிறது, மிஞ்சுவதெல்லாம் வெப்பமாகிறது. வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்துப் பாருங்கள். 120-ஐ 60-ஆல் வகுத்தால் 2 வரும். 50 ஹெர்ட்ஸில் அதே 2 வர வேண்டுமானால் 100 வோல்ட்தான் தர வேண்டும். நீங்கள் 119 தருகிறீர்கள். மூன்றாவது கோப்பையில் பம்பை நிறுத்துவது, சுருளோடு ஒட்டியிருக்கும் வெப்பப் பாதுகாப்பி. அது தன் கடமையைச் செய்கிறது. அதைத் தாண்டி ஒயரை இணைத்துவிட வேண்டாம்.

டிரான்ஸ்ஃபார்மரை ஒதுக்கும் எண்ணத்தைப் பற்றி: பம்பை மட்டும் மாற்றிவிட்டு அதைச் செய்யவே கூடாது. ஹீட்டரும் 120 வோல்ட்டுக்கானது. மின்தடை மாறாதபோது, ஹீட்டரின் திறன் வோல்ட்டின் இருமடியைப் பொறுத்து ஏறும். 1100 வாட் ஹீட்டரை 230 வோல்ட்டில் நேராக இணைத்தால் அது 4000 வாட்டுக்கு மேல் இழுக்கும். தெர்மோஸ்டாட் துண்டிப்பதற்குள் ஹீட்டர் எரிந்துவிடலாம். தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகளே ஒட்டிக்கொண்டால் இன்னும் ஆபத்து.

இரண்டாம் மறுமொழி

ஹீட்டரைத் தொடாமலே தீர்க்க ஒரு வழி உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் அப்படியே இருக்கட்டும். 230 வோல்ட் பம்பை மாட்டி, அதற்கு மட்டும் தனி ஒயர் வழியாக நேர் மின்சாரம் கொடுத்து, பழைய பம்பு ஒயரில் வரும் 120 வோல்ட்டால் இயங்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றை நடுவில் வைத்துவிட்டால், சுவிட்சை அழுத்தியதும் ரிலே பம்பை ஓட்டும். நான் இப்படிச் செய்து ஓட்டியிருக்கிறேன்.

மூன்றாம் மறுமொழி

மேலே சொன்ன ரிலே வழி இயங்கும் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தண்ணீரும் உலோகமும் நெருங்கியிருக்கும் ஒரே பெட்டிக்குள் இரண்டு மின்னழுத்தங்கள் ஓடினால், பிறகு பழுதுபார்க்கத் திறப்பவர் டிரான்ஸ்ஃபார்மர் பிளக்கைப் பிடுங்கியதும் எல்லாம் அணைந்துவிட்டதாக நம்பிக் கையை வைப்பார். நான் அறிந்த ஒருவர் அப்படித்தான் அதிர்ச்சி வாங்கினார்.

எல்லாவற்றையும் 230-க்கு மாற்றுவதே முறை. உங்கள் மாதிரிக்கு 230 வோல்ட் பதிப்பு இருந்தால், அதன் உதிரிபாகப் பட்டியலே உங்களுக்கு வழிகாட்டும். பம்பு, ஹீட்டர், சொலினாய்டு வால்வு (மின்காந்தச் சுருளால் திறந்து மூடும் வால்வு) இருந்தால் அதன் சுருள், விளக்குகள், மின்னணுப் பலகை இருந்தால் அதுவும் என ஒவ்வொன்றின் வில்லையையும் படியுங்கள். சொலினாய்டில் வால்வை மாற்ற வேண்டாம். சுருள் மட்டும் தனியே கழன்று வரும். தெர்மோஸ்டாட் வெறும் சுவிட்ச்தான். அது 250 வோல்ட்டுக்கு ஏற்றதென்று குறித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

பம்பில் உல்கா நிறுவனத்தின் ஈபி5, ஈஎக்ஸ்5 ஆகிய இரண்டு மாதிரிகளும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் கிடைக்கின்றன. முன்னதன் வெளிவாய் பிளாஸ்டிக், பின்னதன் வெளிவாய் பித்தளை. பிளாஸ்டிக் மரையை ஸ்பேனரால் முறுக்கிப் பிளந்துவிடாதீர்கள். உடலில் உள்ள அம்புக்குறி பாய்லரை நோக்கியிருக்க வேண்டும். பழைய ரப்பர் தாங்கிகளையே மாட்டுங்கள். இல்லாவிட்டால் முழு இயந்திரமும் அதிரும். வெப்பப் பாதுகாப்பியைச் சுருளோடு தொடராக இணைக்க மறவாதீர்கள். மல்டிமீட்டரில் பம்பின் மின்தடையை அளந்து குழம்பவும் வேண்டாம். உள்ளிருக்கும் டயோடு அளவைப் பொய்யாக்கும். ஹீட்டரை அளக்கலாம்: 230 வோல்ட், 1100 வாட் என்றால் ஏறத்தாழ 48 ஓம், பழையது 13 ஓம் காட்டும். முடித்ததும் பிளக்கின் எர்த் முனைக்கும் இயந்திரத்தின் உலோக உடலுக்கும் இடையே தொடர்ச்சியைச் சோதித்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. மூன்றாமவர் சொன்னபடியே பம்பு, ஹீட்டர், சொலினாய்டுச் சுருள், இரண்டு விளக்குகள் ஆகியவற்றை மாற்றினேன். என் இயந்திரத்தில் மின்னணுப் பலகை இல்லாததால் வேலை எளிதாயிற்று. புதிய ஹீட்டர் 47 ஓம் காட்டியது, எர்த்தும் சரியாக இருந்தது. முதல் ஓட்டத்தில் பம்பு சத்தம் போட்டதே தவிரத் தண்ணீரை இழுக்கவில்லை. உள்ளே காற்று அடைத்திருந்தது. நீராவிக் குழாயின் திருகைத் திறந்து வைத்து ஓட்டியதும் சத்தம் சட்டென்று தணிந்து, குழாய் முனையில் தண்ணீர் வந்தது. போர்ட்டாஃபில்டரில் (காப்பித்தூள் இடும் கைப்பிடி வடிகட்டி) அழுத்தமானியை மாட்டிப் பார்த்தபோது நீரழுத்தம் 12 பார் இருந்தது; அழுத்த வால்வின் திருகைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி 9-க்குக் கொண்டுவந்தேன். நேற்று அடுத்தடுத்து நான்கு கோப்பை போட்டேன், பம்பு ஒருமுறைகூட நிற்கவில்லை.