யாரும் லாகின் செய்யாமல் சர்வரிலிருந்தே யூடியூப் சேனலில் வீடியோ ஏற்ற முடியுமா? சர்வீஸ் அக்கவுண்ட்டில் 401 வருகிறது

செங்காந்தள்:

வணக்கம். நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் நடக்கும் தெருக்கூத்துகளைப் பதிவு செய்து ஒரு யூடியூப் சேனலில் சேர்த்து வருகிறோம், இதுவரை 184 வீடியோ ஆகிவிட்டது. இப்போது அதற்கென்று பிஎச்பியில் ஒரு தளம் கட்டுகிறேன். தளம் இரண்டு வேலை செய்ய வேண்டும். வருகிறவர்களுக்குச் சேனலின் எல்லா வீடியோவையும் ஊர்வாரியாகக் காட்ட வேண்டும். அப்புறம், கூத்து எடுத்துக்கொண்டு வரும் எங்கள் ஆட்கள் தளத்தில் ஒரு படிவத்தை நிரப்பி ஃபைலைக் கொடுத்தால் அது நேரே எங்கள் சேனலுக்குப் போய்விட வேண்டும். அவர்களிடம் சேனலின் பாஸ்வேர்டைக் கொடுக்க எங்களுக்கு விருப்பமில்லை, அவர்களில் சிலருக்கு கூகுள் கணக்கில் நுழைந்து அனுமதி கொடுப்பதெல்லாம் பழக்கமும் இல்லை.

இணையத்தில் கிடைத்த ஒரு பழைய நிரலில் மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் அப்படியே கோடில் எழுதி அனுப்பியிருந்தார்கள், அது வேலை செய்யவில்லை. பிறகு கூகுள் கிளவுட் கன்சோலில் சர்வீஸ் அக்கவுண்ட் (ஆளுக்குப் பதில் நிரல் பயன்படுத்தும் கணக்கு) உருவாக்கி, அதன் ரகசியச் சாவி உள்ள ஜேசன் ஃபைலை இறக்கினேன். அக்சஸ் டோக்கன், அதாவது தற்காலிக அனுமதிச் சீட்டு, ஒழுங்காக வருகிறது. ஆனால் வீடியோ ஏற்றப் போனால் 401 என்ற அனுமதிப் பிழை, 'யூடியூப் சைன்அப் ரிக்வயர்ட்' என்று திருப்பி அடிக்கிறது. டோக்கன் சரியாக இருக்கும்போது இது ஏன்? இரண்டு நாளாக இதே இடத்தில் நிற்கிறேன். கீழே என் ஜேசன் ஃபைலையும் கோடையும் ஒட்டியிருக்கிறேன், யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

நிரல்வண்டு:

முதலில் ஒன்று, தயவு செய்து இதை இப்போதே செய்யுங்கள். நீங்கள் ஒட்டிய ஜேசனில் பிரைவேட் கீ முழுதாக இருக்கிறது. பதிவிலிருந்து எடுத்தால் மட்டும் போதாது, கன்சோலுக்குப் போய் அந்தக் கீயையே அழித்துவிடுங்கள், ஏனென்றால் ஒரு முறை வெளியே வந்த கீயை யார் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

இப்போது 401. உங்கள் கோடில் தவறில்லை. சர்வீஸ் அக்கவுண்ட் என்பது ஆள் இல்லாத ஒரு கணக்கு, அதற்கென்று யூடியூப் சேனல் கிடையாது, உருவாக்கவும் முடியாது. கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டரை அதன் மின்னஞ்சலுக்குப் பகிர்ந்தால் வேலை நடக்கும், அந்தப் பழக்கத்தில்தான் பலரும் இங்கே வந்து மாட்டிக்கொள்கிறார்கள். யூடியூப் டேட்டா ஏபிஐ (நிரல்கள் யூடியூபோடு பேசும் வழி) சர்வீஸ் அக்கவுண்ட்டை ஏற்பதில்லை என்று அவர்களுடைய ஆவணத்திலேயே இந்தப் பிழைக்கு நேராக எழுதியிருக்கிறது. சேனல் அனுமதிகளில் அந்த முகவரியை மேனேஜராகச் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் நேரத்தை வீணாக்க வேண்டாம், அழைப்பை ஏற்றுக்கொள்ள அதற்கு இன்பாக்ஸே இல்லை. நீங்கள் பார்த்த பழைய பாஸ்வேர்டு முறைக்கு கிளையண்ட் லாகின் என்று பெயர், 2012இல் கைவிடுவதாக அறிவித்து 2015இல் மூடிவிட்டார்கள்.

'லாகின் இல்லாமல்' என்று நீங்கள் கேட்பதில் இரண்டு வேறு சங்கதிகள் கலந்திருக்கின்றன, பிரித்துக்கொண்டால் வழி தெரியும். வீடியோக்களைக் காட்டுவது பொதுத் தகவல், அதற்கு யார் என்ற கேள்வியே எழாது, ஏபிஐ கீ ஒன்று, அதாவது உங்கள் தளத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீடு, போதும். வீடியோ ஏற்றுவது ஒரு சேனலுக்குள் கை வைக்கும் வேலை, அதற்குச் சேனல் உரிமையாளரின் சம்மதம் கட்டாயம். ஆனால் அந்தச் சம்மதத்தை அவர் ஒரே ஒரு முறை கொடுத்தால் போதும், அதன் பிறகு உங்கள் ஆட்கள் யாரும் எதிலும் நுழைய வேண்டியதில்லை.

காட்டுவதற்கு சர்ச் லிஸ்ட் என்ற தேடல் அழைப்பை மட்டும் பயன்படுத்தாதீர்கள். ஒரு நாளைக்கு இயல்பாகக் கிடைக்கும் பயன்பாட்டு அளவு (கோட்டா) 10,000 யூனிட், ஒரு தேடலுக்கு 100 யூனிட் போய்விடும், நூறு முறை பக்கம் திறந்தால் அன்றைய கணக்கு முடிந்தது. அதற்குப் பதில் சேனல்ஸ் லிஸ்ட்டைக் கூப்பிட்டு, அதில் வரும் அப்லோட்ஸ் பிளேலிஸ்ட்டின் ஐடியை எடுத்து, பிளேலிஸ்ட் ஐட்டம்ஸ் லிஸ்ட்டில் பக்கத்துக்கு 50ஆகக் கேளுங்கள். 184 வீடியோவுக்கு நான்கு பக்கம், நான்கே யூனிட். அதையும் வருகிற ஒவ்வொருவருக்காகவும் கேட்காமல் மணிக்கு ஒரு முறை கிரானில் (சர்வர் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வேலை) எடுத்து உங்கள் டேட்டாபேஸில் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டா பசிபிக் நேரப்படி நள்ளிரவில்தான் புதுப்பிக்கப்படும், நமக்கு அது கோடையில் பகல் 12:30, குளிர்காலத்தில் 1:30. காலையில் தீர்ந்துவிட்டால் மதியம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஏற்றுவதற்கு ஓஆத் (பாஸ்வேர்டைத் தராமல் ஒரு செயலிக்கு அனுமதி கொடுக்கும் முறை) கிளையண்ட் ஒன்றை கூகுள் கன்சோலில் 'வெப் அப்ளிகேஷன்' வகையில் உருவாக்குங்கள். தளத்தில் உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு நிர்வாகப் பக்கம் வைத்து, சேனல் உரிமையாளர் அங்கிருந்து கூகுளுக்குப் போய் அனுமதி கொடுக்கட்டும். அந்த இணைப்பில் அக்சஸ் டைப் என்பது ஆஃப்லைன் என்றும், பிராம்ப்ட் என்பது கன்சென்ட் என்றும் இருக்க வேண்டும், இல்லையென்றால் புது அக்சஸ் டோக்கன் வாங்க உதவும் ரிஃப்ரெஷ் டோக்கன் வராமலே போய்விடும், இதில் நானே ஒரு நாள் முழுக்கத் தேடியிருக்கிறேன். ஒரே கணக்கில் இரண்டு சேனல் இருந்தால் எந்தச் சேனல் என்று கேட்கும், சரியானதைத் தேர்ந்தெடுங்கள். வரும் ரிஃப்ரெஷ் டோக்கனை வெளியிலிருந்து திறக்க முடியாத ஃபோல்டரில் வையுங்கள். அக்சஸ் டோக்கனின் ஆயுள் ஒரு மணி நேரம், தேவைப்படும்போதெல்லாம் சர்வரே ரிஃப்ரெஷ் டோக்கனைக் கொடுத்துப் புதிது வாங்கிக்கொள்ளும்.

செங்காந்தள்:

மிக்க நன்றி அண்ணா. ஜேசன் கீயை அழித்துவிட்டேன். பட்டியல் வேலை நேற்றிரவே முடிந்தது, ஆனால் 184க்குப் பதில் 153தான் வருகிறது. ஏபிஐ கீக்கு எங்கள் ஹோஸ்டிங்கின் ஐபி முகவரியைக் கட்டுப்பாடாகப் போட்டால் 403 என்ற மறுப்புப் பிழை வருகிறது, எடுத்துவிட்டால் வேலை செய்கிறது. கட்டுப்பாடு இல்லாமல் விட பயமாக இருக்கிறது.

நிரல்வண்டு:

காணாமல் போன 31 வீடியோவும் அன்லிஸ்டட் (இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கக்கூடியது) அல்லது பிரைவேட்டாக இருக்கும், போய்ப் பாருங்கள். ஏபிஐ கீ கொண்டு கேட்டால் பொதுவில் உள்ளவை மட்டுமே பட்டியலில் வரும். அன்லிஸ்டட் வீடியோவின் ஐடி உங்களிடம் இருந்தால் வீடியோஸ் லிஸ்ட்டில் கேட்டு வாங்கலாம், ஒரு அழைப்பில் 50 ஐடி வரை கொடுக்கலாம். பிரைவேட் என்றால் ஓஆத் வழிதான்.

ஐபி விஷயத்தில், உங்கள் சர்வர் வெளியே போகும்போது ஐபிவி6 என்ற புது வகை முகவரியில் போகிறதோ என்று சந்தேகம். பிழைச் செய்தியிலேயே எந்த முகவரியிலிருந்து வந்தது என்று இருக்கும், அதையும் சேர்த்துவிடுங்கள். கூடவே அந்தக் கீ யூடியூப் டேட்டா ஏபிஐக்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டையும் போடுங்கள்.

செங்காந்தள்:

நீங்கள் சொன்னது சரி, இரண்டுமே. 31ம் அன்லிஸ்டட்தான், கலைஞர்களிடம் இன்னும் ஒப்புதல் வாங்காத கூத்துகள் அவை.

ஆனால் ஏற்றும் பகுதியில் புதுச் சிக்கல். ஒரு வாரம் நன்றாக ஓடியது, எட்டாம் நாள் காலை 'இன்வேலிட் கிராண்ட்' என்று வந்தது. மறுபடி அனுமதி கொடுத்தால் சரியாகிறது. இன்னொன்று, ஏறிய மூன்று வீடியோவும் பிரைவேட்டாகவே நிற்கின்றன. கோடில் பப்ளிக் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

தெற்குமாடம்:

இரண்டும் நான் பட்ட பாடுகள், அதனால் நடுவில் வருகிறேன். உங்கள் ஓஆத் கன்சென்ட் திரை (அனுமதி கேட்கும் பக்கம், கூகுள் கன்சோலில் அதன் அமைப்பு இருக்கும்) இன்னும் 'டெஸ்டிங்' நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் கொடுக்கும் ரிஃப்ரெஷ் டோக்கன் சரியாக 7 நாளில் செத்துவிடும். 'இன் புரொடக்‌ஷன்' என்று மாற்றிவிட்டு மீண்டும் ஒரு முறை அனுமதி வாங்குங்கள், பழைய டோக்கன் தானாக நீளாது. சரிபார்க்காத செயலி என்று ஒரு எச்சரிக்கைத் திரை வரும், சேனல் உங்களுடையது என்பதால் தாண்டிப் போகலாம். அதன் பிறகும் 6 மாதம் தொடாமல் விட்டால் டோக்கன் காலாவதியாகும். கூத்து இல்லாத மாதங்களில் இது நடக்க வாய்ப்புண்டு, கிரானில் மாதம் ஒரு முறை புதுப்பித்து வையுங்கள்.

பிரைவேட்டாக நிற்பது உங்கள் கோடால் அல்ல. 2020 ஜூலை 28க்குப் பிறகு உருவான, யூடியூபின் தணிக்கை முடியாத கூகுள் கன்சோல் புராஜெக்ட்டுகளிலிருந்து ஏபிஐ வழியாக ஏறும் வீடியோக்களை யூடியூப் பிரைவேட்டாகவே பூட்டி வைக்கும். அதற்கென்று தணிக்கைப் படிவம் இருக்கிறது, நிரப்பி அனுப்பித்தான் ஆக வேண்டும். தளத்தில் தனியுரிமைக் கொள்கைப் பக்கம் இல்லையென்றால் அதற்கு முன்பே எழுதி வையுங்கள்.

வேறு தளத்துக்கு மாறவும் யோசிக்கலாம். விமியோவில் கிளையண்ட் கிரெடென்ஷியல்ஸ் முறை உண்டு, செயலியின் ஐடியையும் சீக்ரெட்டையும் கொடுத்தாலே டோக்கன் வரும், ஆனால் அது பொதுவில் உள்ளதைப் படிக்க மட்டும். ஏற்ற வேண்டுமென்றால் செயலிப் பக்கத்திலேயே உங்கள் கணக்குக்கான டோக்கனை உருவாக்கி எடுத்துக்கொள்ளலாம், கூகுள் மாதிரிச் சுற்றி வர வேண்டாம். ஆனால் 184 வீடியோவும் பார்ப்பவர்களும் யூடியூபில் இருக்கும்போது நான் மாற மாட்டேன்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். அந்தப் படிவத்தில் கொடுத்தால் நேரே சேனலுக்குப் போவது உண்மையிலேயே வேண்டுமா? ஒப்புதல் வாங்காத கலைஞர்கள் 31 வீடியோவில் இருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். படிவத்தின் முகவரி யார் கைக்குப் போனாலும் அவர் உங்கள் சேனலில் எதையும் ஏற்றிவிடலாம்.

செங்காந்தள்:

இதை நான் யோசிக்கவே இல்லை, நன்றி. குழுவில் பேசினோம். இப்போதைக்குப் படிவத்தில் வரும் ஃபைல் சர்வரில் ஒரு ஃபோல்டரில் தங்கும், கூத்து வாத்தியாரின் பெயர், ஊர், ஒப்புதல் வாங்கிய நாள் மூன்றும் இல்லாமல் படிவம் போகாது. ஞாயிற்றுக்கிழமை சேனல் வைத்திருப்பவர் பார்த்துவிட்டு ஸ்டூடியோவில் கையாலேயே ஏற்றுவார். தணிக்கைப் படிவம் நேற்று அனுப்பிவிட்டேன், டோக்கனைப் புரொடக்‌ஷனுக்கு மாற்றி இன்று பத்தாவது நாள், உயிரோடு இருக்கிறது. தணிக்கை முடிந்ததும் அவர் 'சரி' பொத்தானை அழுத்தினால் சர்வரே ஏற்றும்படி மாற்றுவேன். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் கூத்துகள் தொடங்கிவிடும், அதற்குள் பதில் வந்தால் இங்கேயே வந்து எழுதுகிறேன்.