எடை வேற நிறை வேறன்னு பொண்ணு சண்டை போடுறா, தராசு புடிக்கிற எனக்கே புரியல

மளிகைக்கடைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். சின்னதா மளிகைக்கடை வச்சிருக்கேன், படிச்சது பத்தாவது, அதுவும் 25 வருஷம் முன்னாடி, அதனால கேள்வி தப்பா இருந்தா சிரிக்காதீங்க.

பொண்ணு இப்ப பத்தாவது. போன வாரம் டெஸ்ட்ல ஒருத்தரோட எடை என்னன்னு கேட்டதுக்கு 52 கிலோன்னு எழுதியிருக்கா, மார்க் போச்சு. 510 நியூட்டன்னு எழுதணுமாம். அந்த கோவத்தோட கடைக்கு வந்து என்கிட்ட, "அப்பா நீங்க எடை போட்டு விக்கிறீங்களே அது எடையே இல்ல, நிறை"ங்கிறா. கல்லாவுல கஸ்டமர் நிக்கிறாரு, அவரும் சிரிக்கிறாரு.

சரி விடுன்னு விட்டா, ஞாயித்துக்கிழமை மச்சான் வீட்டுக்கு போனப்ப (9ஆவது மாடி) அவங்க வீட்டு எடை மெஷின தூக்கிட்டு லிஃப்டுக்குள்ள வந்து என்ன ஏறி நிக்க சொல்றா. முதல்ல டிஜிட்டல் மெஷின், ஏறினதும் நம்பர் ரெண்டு தடவ மின்னிச்சு அப்படியே நின்னுடுச்சு, லிஃப்ட் எங்க போனாலும் 78.4 தான். அப்புறம் பரண்ல கிடந்த பழைய முள்ளு வச்ச மெஷின எடுத்துட்டு வந்தா. அதுல தான் கூத்து. நிக்கும்போது 78, லிஃப்ட் மேல கிளம்புற அந்த ஒரு செகண்டு முள்ளு 82 கிட்ட போச்சு, உடனே 78க்கு வந்துருச்சு, 9ஆவது மாடி வந்து நிக்கிறப்ப 74க்கு இறங்குது. கீழ வரும்போது அப்படியே உல்டா. வாட்ச்மேன் எங்கள பைத்தியம்னு நினைச்சிருப்பாரு, ஆறு தடவ போயிட்டு வந்தோம்.

இப்ப என் சந்தேகம். நான் ஒரு செகண்ட்ல 4 கிலோ ஏறி இறங்குறேனா? அப்புறம் நடுவுல லிஃப்ட் மேல போயிட்டே தான இருக்கு, அப்ப ஏன் பழையபடி 78 காட்டுது? இத கேட்டா பொண்ணு ஃபார்முலா சொல்றா, ஃபார்முலா எனக்கு வேணாம், விஷயம் வேணும்.

வெட்டிப்பேச்சு:

அண்ணே சிம்பிள். உயரம் போக போக பூமியோட ஈர்ப்பு குறையும், அதனால எடை மாறுது. ஸ்பேஸ்ல ஈர்ப்பே கிடையாது, அதான் அங்க எல்லாரும் மிதக்கிறாங்க.

பிசிக்ஸ் வாத்தி:

மேல சொன்ன தம்பி, கோச்சுக்காதீங்க, ரெண்டுமே தப்பு. 9 மாடின்னா ஒரு 30 மீட்டர், அந்த உயரத்துக்கு அண்ணனோட 78 கிலோவுல ஒரு கிராம் கூட குறையாது. அதுவும் குறையணும், இங்க கிளம்பும்போது கூடுதே? ஸ்பேஸ் கதைக்கு கடைசில வரேன்.

அண்ணே, உங்க கடைல நடக்கிறதையே எடுத்துக்குங்க. 5 கிலோ அரிசி போட்ட கேரி பேக், மெதுவா தூக்கினா ஒண்ணும் ஆகாது, அவசரத்துல வெடுக்குன்னு தூக்கினா காது அறுந்துடும். அரிசி 5 கிலோ தான், ஒரு மணி கூட சேரல. ஆனா கவர் தாங்க வேண்டிய சுமை அந்த நொடில கூடிப்போச்சு, ஏன்னா இப்ப அது அரிசிய கீழ விழாம பிடிச்சா மட்டும் பத்தாது, நின்னுட்டிருந்த அரிசிய வேகம் எடுக்கவும் வைக்கணும். லிஃப்ட்ல நீங்க தான் அரிசி, மெஷின் தான் கவர்.

இதுல புரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு தான். அந்த மெஷினுக்கு உங்கள பத்தியும் தெரியாது பூமிய பத்தியும் தெரியாது, தன் மேல எவ்ளோ அழுத்தம் விழுதுன்னு மட்டும் தான் தெரியும். உள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கு, அது அமுங்குற அளவுக்கு முள்ளு திரும்புது. சும்மா நிக்கும்போது அந்த அழுத்தமும் பூமி உங்கள இழுக்கிறதும் சமம், அதனால நாம ரெண்டும் ஒண்ணுன்னே நினைச்சு பழகிட்டோம். லிஃப்ட் கிளம்பும்போது பூமி இழுக்கிறது மாறல, அழுத்தம் மாறுது. பாடத்துல இதுக்கு பேர் தோற்ற எடை.

நடுவுல ஏன் 78? ஏன்னா அப்ப லிஃப்ட் ஒரே வேகத்துல போகுது. வேகம் மாறாத வரைக்கும் உங்கள தள்ளிவிட எக்ஸ்ட்ரா அழுத்தம் தேவையே இல்ல, நிக்கிறதும் ஒரே சீரா போறதும் மெஷினுக்கு ஒண்ணு தான். பொதுவா எல்லாரும் மாட்டிக்கிற இடம் இதான், போயிட்டே இருக்கணும்னா தள்ளிட்டே இருக்கணும்னு நம்ம மனசு சொல்லும், 2000 வருஷம் பெரிய பெரிய ஆளுங்களே அப்படித்தான் நம்பினாங்க, கலிலியோவும் நியூட்டனும் வந்து தான் மாத்தினாங்க. ப்ளஸ் டூ பசங்க கிட்ட கேளுங்க, பாதி பேர் இன்னமும் தப்பா சொல்வான்.

அப்ப நிறை எது? உங்க உடம்புல இருக்கிற சரக்கோட அளவு. அது லிஃப்ட்லயும் 78, நிலாவுலயும் 78. எடைங்கிறது அந்த சரக்க பூமி இழுக்கிற விசை, அத நியூட்டன்ல சொல்லணும், ஒரு கிலோவ பூமி 9.8 நியூட்டன் விசையோட இழுக்குது, 52ஐ 9.8ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 510, பாப்பாவுக்கு மார்க் போனது அதனால தான். மெஷின் கம்பெனிக்காரன் என்ன பண்றான்னா, அளக்கிறது விசைய, ஆனா 9.8ஆல வகுத்து கிலோ போட்டு முகப்புல எழுதிடுறான். அதுல தான் மொத்த குழப்பமும். கடைல எடைன்னே சொல்லுங்க, எடுத்து பாக்கிறதுல இருந்து வந்த நல்ல தமிழ் வார்த்தை, யாரும் கேஸ் போட மாட்டாங்க.

ஸ்பேஸ். விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்துல சுத்துது, சென்னை-மதுரை ரோட்ட செங்குத்தா நிமிர்த்தி வச்சா அத விட கொஞ்சம் கம்மி. அங்க ஈர்ப்பு கிட்டத்தட்ட 89 சதவீதம் அப்படியே இருக்கு. இல்லைன்னா அது எதுக்கு பூமிய சுத்துது, நேரா போயிருக்குமே. அது ஒவ்வொரு செகண்டும் நாலு மீட்டருக்கு மேல பூமிய பாத்து விழுந்துட்டு தான் இருக்கு, ஆனா அதே செகண்ட்ல பக்கவாட்டுல ஏழரை கிலோமீட்டருக்கு மேல போயிடுது, பூமி உருண்டையா இருக்கிறதால அதே நாலு மீட்டர் தரையும் கீழ வளைஞ்சுடுது. விழுந்துட்டே இருக்கு, தரை தான் கிட்ட வர மாட்டேங்குது. உள்ள இருக்கிற ஆளும் விழுறான், அவன் காலுக்கு கீழ மெஷின் வச்சா அதுவும் கூடவே விழுது, அப்புறம் எங்க அமுக்குறது? முள்ளு 0.

வெட்டிப்பேச்சு:

ஓகே வாத்தி, தப்பு தான். அப்ப லிஃப்ட் கயிறு அறுந்தாலும் முள்ளு 0 தானா?

லிஃப்ட் மெக்கானிக்:

கயிறுன்னதும் வந்துட்டேனுங்க 😀 கோயமுத்தூர் பக்கம் 14 வருசமா லிஃப்ட் வேலை. கணக்குப்படி 0 தானுங்க, ஆனா நிஜத்துல அப்படி விழ விட மாட்டோம். ஒரே கயிறுல தொங்குறதில்லைங்க, நாலஞ்சு இருக்கும், ஒவ்வொண்ணும் மொத்த பாரத்தையும் தாங்கற மாதிரி. அதையும் மீறி வேகம் எகிறினா கவர்னர்னு ஒண்ணு இருக்குது, அது சேஃப்டி கியர இழுத்து விட்டு ரெண்டு பக்க ரெயிலையும் கவ்விப் புடிச்சுக்கும். இந்த மாதிரி பிரேக்க 1854லயே நியூயார்க்ல ஓட்டிஸ்ங்கறவரு மேடைல ஏறி நின்னுக்கிட்டு, கயித்த வெட்டச் சொல்லி ஜனங்க முன்னாடி காட்டினாருங்க.

மளிகைக்கடை அண்ணா சொன்ன 82 எனக்கு சரியா தெரியுதுங்க. வீட்டு லிஃப்டெல்லாம் முடுக்கம், அதாவது ஒவ்வொரு செகண்டும் வேகம் கூடற அளவு, செகண்டுக்கு அரை மீட்டர்ல இருந்து ஒரு மீட்டருக்குள்ள தான் வைப்போம், அதுக்கு மேல வச்சா வயசானவங்க தடுமாறுவாங்க, வயித்துல என்னமோ பண்ணுதும்பாங்க. உங்க கணக்குல 78க்கு 4 கூடுது, 4ஐ 78ஆல வகுத்து 9.8ஆல பெருக்குங்க, அரை மீட்டர் கிட்ட வரும். ஆக உங்க பொண்ணு ஒரு முள்ளு மெஷின வச்சு எங்க டிரைவ் செட்டிங்க கண்டுபுடிச்சிருக்குதுங்க, நாங்க இதுக்கு லேப்டாப் மாட்டுறோம்.

இன்னொண்ணுங்க. ஓவர்லோட் பஸ்ஸர் கதவு திறந்து நிக்கறப்ப மட்டும் தான் கத்தும், கவனிச்சிருக்கீங்களா? ஓட ஆரம்பிச்சா அந்த ரீடிங் உங்க முள்ளு மாதிரியே ஆடும், அத நம்பி நிறுத்தினா ஒவ்வொரு மாடிக்கும் நடுவுல நின்னுக்கும்.

மளிகைக்கடைக்காரன்:

வாத்தியார் சார், மெக்கானிக் தம்பி, ரெண்டு பேருக்கும் பெரிய கும்பிடு. கேரி பேக் காது விஷயம் நச்சுன்னு உள்ள போயிடுச்சு, தினம் நாலு அறுக்கிறேன்.

ஆனா இப்ப புதுசா ஒரு பயம். என் கடைல இப்ப எலக்ட்ரானிக் தராசு. அதுவும் அழுத்தத்த தான் அளக்குதுன்னா இடத்துக்கு இடம் மாறுமா? எங்க அப்பா காலத்து தட்டுத் தராசும் படிக்கல்லும் இன்னும் வீட்ல இருக்கு, அது எப்படி?

பிசிக்ஸ் வாத்தி:

சூப்பர் கேள்வி அண்ணே. உங்க அப்பா தராசு தான் நிஜமாவே நிறைங்கிறத அளக்குது. ஒரு தட்டுல படிக்கல், ஒரு தட்டுல பருப்பு, ஈர்ப்பு குறைஞ்சா ரெண்டு பக்கமும் சேர்ந்து குறையும், முள்ளு நடுவுலயே நிக்கும். நிலாவுக்கு தூக்கிட்டுப் போய் கடை போட்டாலும் ஒரு கிலோ ஒரு கிலோ தான். எலக்ட்ரானிக் தராச கொண்டு போனீங்கன்னா ஒரு கிலோ பருப்ப 165 கிராம்னு காட்டும், கஸ்டமருக்கு கொள்ள லாபம்.

பூமிக்குள்ளயும் மாறும், ரொம்ப கொஞ்சம். பூமி நடுவுல லேசா உப்பியிருக்கு, சுத்தவும் செய்யுது, அதனால நிலநடுக்கோட்டு பக்கம் இழுப்பு கம்மி, துருவத்துல அதிகம், மொத்த வித்தியாசமே அரை சதவீதம் தான். சென்னைல செட் பண்ணின தராச அப்படியே டெல்லிக்கு கொண்டு போனா ஒரு கிலோவுக்கு கிட்டத்தட்ட ஒரு கிராம் கூட காட்டும். துவரம்பருப்புல அது தூசி, தங்கத்துல காசு. அதனால தான் நல்ல தராச வைக்கிற இடத்துலயே படிக்கல் வச்சு சரி பண்றாங்க, உங்களுக்கு முத்திரை போட வர்றவரும் கையோட கல்லு கொண்டு வந்து தான செக் பண்றாரு?

இது முதல்ல மாட்டினதே ஒரு கடிகாரத்துல தான். 1672ல ரிச்சர்னு ஒரு பிரெஞ்சுக்காரர் பாரிஸ்ல சரியா ஓடின ஊசல் கடிகாரத்த தென் அமெரிக்கால கயேன்னு ஒரு ஊருக்கு கொண்டு போனாரு, அது நிலநடுக்கோட்டுக்கு பக்கத்துல. அங்க தினம் ரெண்டரை நிமிஷம் லேட்டா ஓடுச்சு. கடிகாரத்துல கோளாறு இல்ல, இழுப்பு கம்மி, ஊசல் சோம்பேறியா ஆடுது.

வெட்டிப்பேச்சு:

வாத்தி லாஸ்ட் டவுட். ஸ்பேஸ்ல முள்ளும் 0, தட்டுத் தராசும் வேலை செய்யாதுல்ல, ரெண்டு தட்டும் மிதக்குமே. அப்ப அங்க மாசக்கணக்கா இருக்கிறவங்க இளைச்சுட்டாங்களா குண்டாயிட்டாங்களான்னு எப்படி பாக்கிறது?

பிசிக்ஸ் வாத்தி:

இப்ப தான் நல்ல கேள்வி கேக்கிறீங்க தம்பி. ஆட்டிப் பாக்கிறாங்க. 1973ல ஸ்கைலாப்னு அமெரிக்காவோட விண்வெளி நிலையத்துலயே ஸ்பிரிங் மாட்டின நாற்காலி இருந்துச்சு, அதுல உக்கார வச்சு இழுத்து விட்டா முன்னும் பின்னும் ஆடும், ஆள் கனமா இருந்தா மெதுவா ஆடும், லேசா இருந்தா வேகமா. ஒரு ஆட்டத்துக்கு எவ்ளோ நேரம்னு பாத்தா நிறை வந்துடும், ஈர்ப்பே தேவையில்ல. நீங்களும் காலி கேஸ் சிலிண்டர் எது ஃபுல் எதுன்னு தூக்காம லேசா அசைச்சே சொல்லிடுவீங்கல்ல, அதே தான்.

மளிகைக்கடைக்காரன்:

இத பொண்ணு பக்கத்துல உக்காந்து படிச்சுட்டு எந்திரிச்சு போயிட்டா. திரும்பி பாத்தா கடை எலக்ட்ரானிக் தராசையும் ஒரு கிலோ படிக்கல்லையும் பையில போட்டுட்டு மாமா வீட்டு லிஃப்டுக்கு போகலாம்ங்கிறா, 1.050 காட்டுதான்னு பாக்கணுமாம். காலைல வியாபாரம் இருக்கு தாயின்னு கெஞ்சிட்டிருக்கேன். வாட்ச்மேன் கிட்ட என்ன சொல்றதுன்னும் தெரியல.

லிஃப்ட் மெக்கானிக்:

மெக்கானிக் சொன்னாருன்னு சொல்லுங்க அண்ணா. ரீடிங் வந்ததும் இங்க போடுங்க, கீழ எறங்கறப்பவும் பாத்து.